ஆறுக்கு ஆறு என்று எழுதிய கை

அவைக்குத் தலைமையேற்று, என் பேச்சு நீண்டுவிடுமோ என்று இப்போதே கடிகாரத்தைப் பார்க்கும் டாக்டர் ஸ்ரீவத்ஸன் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே நேரம் பறித்து வந்திருக்கும் தாய்மார்களே, கண் பரிசோதனைப் பயிற்சி முடித்து நாளை முதல் டெல்லியின் விழிகளைத் தொடப்போகும் தம்பி தங்கைகளே, உங்கள் அனைவருக்கும் இந்த ஜெயலட்சுமியின் வணக்கம்.

ஒரு கேள்வி. எழுத்துப் பலகையின் கடைசி வரியைக் கடகடவென்று படித்தவர், எழுந்து நடக்கும்போது பக்கத்து ஸ்டூலில் ஏன் இடித்துக்கொள்கிறார்? அவசரம் என்கிறார் பின்வரிசைத் தம்பி. அச்சா, நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஜனக்புரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கண் முகாம். காலையிலேயே இருநூறு பேர். வந்தார் விஜயன். தூத்துக்குடிக்காரர், ராணுவத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்று, சாணக்யபுரி விருந்தினர் இல்லமொன்றில் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். வலக்கண் படித்தது, இடக்கண் படித்தது, ஓர் எழுத்தும் பிசகவில்லை. முழுப் பார்வை, 'ஆறுக்கு ஆறு' என்று சீட்டில் எழுதினேன். எழுந்தார், இடித்தார்.

"பாத்துப் போங்க அண்ணாச்சி" என்றேன்.

"ஸ்டூல வழியிலயா போடுவிய?" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு அடுத்தவரை அழைத்தேன்.

சிரித்தேனே, ஏன் என்று யோசித்தேனா? எதிரே அமர்ந்து, அவர் ஒரு கண்ணை மூட, நான் ஒரு கண்ணை மூட, ஓரத்திலிருந்து விரலை மெல்ல நகர்த்தி, எப்போது தெரிகிறது என்று கேட்டேனா? அதற்குக் கருவி வேண்டுமா, கரண்ட் வேண்டுமா? இரண்டு நிமிடம் போதும்.

இரண்டு ஆண்டு கழித்து நான் வேலை பார்க்கும் மருத்துவமனைக்கு அவரே வந்தார். இடப்பக்கம் வந்த ஸ்கூட்டர் தெரியாமல் உரசிவிட்டாராம். நல்லவேளை, ஸ்கூட்டர் ஓட்டிய பையா சிராய்ப்போடு தப்பினார். அன்று விரலை நகர்த்தினேன். எனக்குத் தெரிந்த விரல், ஏறக்குறைய மூக்குக்கு நேரே வரும்வரை அவருக்குத் தெரியவில்லை.

கிளாக்கோமா என்றார் எங்கள் மருத்துவமனை டாக்டர். வலிக்காது, சிவக்காது, ஓரப் பார்வையை ஓசையில்லாமல் தின்னும். நடுப்பார்வையோ நெடுநாள் நன்றாக இருந்து, பலகையைப் படித்து, நம்மை ஏமாற்றும். போன பார்வை திரும்பாது. இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காக்கலாம்.

"சாவியக் குடுத்துட்டேன்மா. முப்பத்திரண்டு வருசம் ஓட்டுன கை" என்றார் விஜயன். பிறகு கேட்டார், "அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

கோபத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். வெட்கத்தோடுதான் இந்த மேடையில் நிற்கிறேன். கைதட்ட வேண்டாம், தயவுசெய்து.

தம்பிகளே, தங்கைகளே, பலகையைப் படிப்பதைப் பாருங்கள். படியேறும் காலைப் பாருங்கள். நாற்காலியைத் துழாவும் கையைப் பாருங்கள். நோய் எதுவென்று தீர்மானிப்பவர் டாக்டர். ஆனால் சந்தேகத்தை அவர் மேசைவரை கொண்டு சேர்ப்பது யார்? நீங்கள்தான். வரிசை நீளட்டும், வாசலில் முணுமுணுக்கட்டும், 'ஜல்தி' என்று யார் வேண்டுமானாலும் விரட்டட்டும், ஏன் என்று கேட்காமல் எவரையும் அனுப்பாதீர்கள்.

பொறுமையோடு கேட்ட அவைக்கு நன்றி. விஜயன் என்னிடம் கேட்டதை உங்களிடம் எவரும் கேட்கும் நாள் வராதிருக்கட்டும். வணக்கம்.