காப்பிச் சரிவில் புகைந்த குண்டு

"குண்டு வருது! படுங்க!"

கத்துகிறேன். வாய்க்காலில் குப்புற விழுகிறேன். புதன்கிழமை. காலையில் வேலைக்குப் பேர் கூப்பிட்டு ஒரு மணி நேரம் இருக்கும். கண்டிப் பக்கம், கலஹா ஊருக்கு மேலே காப்பிச் சரிவு. கீழே பாதையில் வெள்ளைக்காரர் படை. மேலே காட்டில் கலகக்காரர்கள். நடுவில், பழம் பறிக்கும் நாங்கள்.

'தொம்' என்று அடங்கிய வெடி. பிறகு நீண்ட, மெதுவான சீழ்க்கை. திங்கட்கிழமை கேட்டது வேறு. 'படார்'. உடனே மரம் முறிந்தது.

எனக்கு வித்தியாசம் தெரியும். அப்பா கண்டியில் வெள்ளைக்காரர் படைக்குப் பீரங்கி இழுத்தவர். அவர் இருந்தவரை அங்கே வெடிமருந்துப் பை தைத்தேன். நான்கு வருடம். கிடங்கில் பார்த்தவை: பறங்கியர் விட்டுப்போன வெண்கலப் பீரங்கி. ஒல்லாந்தரின் இரும்புப் பீரங்கி. கண்டி ராசா காலத்து, ஆள் தூக்கிப் போகும் சிறு பீரங்கி. இங்கிலீஷ்காரரின் சக்கரப் பீரங்கி. இவை போட்டவை முழு இரும்புக் குண்டுகள். விழுந்தால் முடிந்தது. கடைசியில் வந்தது உரல் போல் வாய் அகன்றது. அதன் குண்டு வெறும் கூடு. உள்ளே மருந்து. துளையில் திரி. விழுந்த பிறகு வெடிக்கும்.

திங்கட்கிழமை விழுந்தவை முழுக் குண்டுகள். அக்கா பாக்கியம் இரண்டை நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குச் சுமந்தாள். அடுப்புக் கல்லுக்குப் பதிலாக வைத்தாள். கல் விரிசல் விடும், இரும்பு விடாது என்றாள்.

செவ்வாய்க்கிழமை உரல் பீரங்கி மாட்டு வண்டியில் போவதைக் கண்டேன். கங்காணியிடம் ஓடினேன். புகையும் குண்டைத் தொடக்கூடாது, எல்லாருக்கும் சொல்லுங்கள் என்றேன்.

"பை தைச்சவளுக்குப் பீரங்கி தெரியுமாம்! போ புள்ள, பழத்தப் பறி."

இப்போது முதல் குண்டு சேற்றில் புதைகிறது. காட்டை எட்டவில்லை. எண்ணுகிறேன். பத்து. இருபது. முப்பது. வெடிக்கவில்லை.

"என்னடி, ஒன் குண்டு தூங்குதா?" கங்காணி சிரிக்கிறார். எல்லாரும் சிரித்துக்கொண்டே எழுகிறார்கள்.

"சேத்துல திரி அணஞ்சிருச்சு! அடுத்தது அணையாது!"

யாரும் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னேன். அவர்களுக்கு அது சமாளிப்பாகப் பட்டது.

மறுபடி 'தொம்'. இரண்டாவது, காய்ந்த பாறையில் விழுந்து உருள்கிறது. அக்கா கூடையைப் போட்டுவிட்டு ஓடுகிறாள்.

"அடுப்புக்கு ரெண்டு இருக்கு, ஒண்ணு கொறையுதுல்ல!"

பக்கத்து லயத்துச் செல்லம்மாவும் அவள் புருஷன் காத்தானும் தூக்கிக்கொடுக்கப் போகிறார்கள்.

"சூடா இருக்கும், முந்தானையச் சுத்திக்க" என்கிறாள் செல்லம்மா.

"அக்கா, தொடாத! பொகையுது பாரு!"

அக்கா திரும்பிப் பார்த்தாள். கையை ஆட்டினாள். பேசாமல் இரு என்பதுபோல. நான்கு எண்ணினேன்.

ஐந்து எண்ணவில்லை.

தோட்டத் துரையின் பேரேட்டில், மூவரும் தோட்டத்தை விட்டுப் போனவர்கள். கங்காணி அப்படிச் சொல்லி எழுத வைத்தார். எனக்கு எழுதத் தெரியும். ஆகவே அந்த வெடி அழித்ததன் கணக்கு இது.

காப்பிச் செடி, பதினாறு. பழக்கூடை, இரண்டு. காத்தான். செல்லம்மா, வயது அவளுக்கே தெரியாது. பாக்கியம், இருபத்தாறு வயது, என் அக்கா.

யாரும் எங்கும் போகவில்லை. ஓடைக்கரையில் புதைத்தோம். மூன்று பேர்.