மூடிய அறையும் முப்பத்தேழரை டிகிரியும்

இருபத்தொரு நாள் உறக்கத்தை முட்டைகளுக்குக் கொடுத்துவிட்டுச் சிவந்த கண்களோடு வீற்றிருக்கும் குஞ்சு பொரிப்போர் சங்கத்தின் தலைவர் அவர்களே! என் ஒன்பது கடிதங்களையும் வாங்கி, ஒன்றுக்கும் பதில் போடாத செயலாளர் அவர்களே! வயதில் எனக்கு மூத்த பெரியோர்களே! வாய்ப்பேச்சில் என்னை வென்ற இளையோர்களே! எல்லாருக்கும் மேலாக, பொரிப்பறைக்குள் பகலெல்லாம் அடைந்து கிடக்கும் என் தாய்மார்களே! உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

என்னை வாழ்த்துரை வழங்க அழைத்தார்கள். மேடை ஓரத்தில் அடுக்கியிருக்கிறார்களே, நாற்பது கணப்புச் சட்டிகள்! கரண்ட் போனால் கரியை மூட்டி, முட்டைக்குச் சூடு கொடுக்கும் பொரிப்பானுக்கு அடியில் வைக்க வேண்டுமாம். இலவசமாம். அவற்றை நான் வாழ்த்த வேண்டுமாம். வாழ்த்த மாட்டேன். அவற்றில் ஒன்றுகூட இந்த மண்டபத்து வாசலைத் தாண்டக் கூடாது என்று சொல்லத்தான் வந்தேன்.

என்ன அங்கே முணுமுணுப்பு? "வெந்நீர் ஆரம்பிச்சிடுச்சுப்பா" என்கிறீர்களா? ஆமாம், நீங்கள் எனக்கு வைத்த பெயர்தான் அது. நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். பொரிப்பானைப் பிரித்துப் பிரித்து மாட்டியே பாடம் படித்தவன். சிரித்து முடியுங்கள், தம்பி. காத்திருக்கிறேன்.

முடிந்ததா? இனி கேளுங்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, அடை வைத்த பத்தொன்பதாம் நாள். பொரிப்பானில் அறுநூறு முட்டைகள். மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போனது. இதே மாதிரிச் சட்டி, இதே மாதிரிக் கரி. மூட்டியவன் நான். அறைக்குள் வைத்தவன் நான். ஜன்னல் இடுக்கில் சாக்கைத் திணித்தவன் நான். கதவடியில் துணியை அடைத்தவன் நான். உள்ளே முக்காலியில் உட்கார்ந்து தெர்மாமீட்டரைப் பார்த்தவள் என் மனைவி.

முற்றத்தில் நின்று மின்சார அலுவலகத்தோடு போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். உள்ளிருந்து அவள் குரல் கொடுத்தாள். "முப்பத்தஞ்சு." பிறகு, "முப்பத்தாறரை." பிறகு, "முப்பத்தேழரைங்க! நின்னுடுச்சு!" சூடு மாறினால்தான் அவள் கத்துவாள். மாறாவிட்டால் சத்தம் வராது. அதுதான் எங்கள் வீட்டு ஏற்பாடு.

இடையில் ஒரு முறை மட்டும் கதவைத் தட்டினாள்.

"ஏங்க, தலை கிறுகிறுன்னு வருது. கொஞ்சம் தொறக்கட்டுமா?"

"தொறந்தா அறுநூறும் போச்சு. பொறுத்துக்க. இதோ வந்துடும்னு ஆபீஸ்ல சொல்றான்."

"அந்த ஆபீஸ்காரன் 'இதோ'ன்னா சாயங்காலம்னு அர்த்தம்" என்று சிரித்தாள்.

பிறகு சத்தம் வரவில்லை. எனக்கு நிம்மதி. ஆம், தாய்மார்களே, நிம்மதி! சத்தம் இல்லை என்றால் சூடு சரியாக இருக்கிறது என்று மகிழ்ந்து நின்றேன் நான், மடையன்!

மூன்று மணிக்குக் கரண்ட் வந்தது. கதவைத் திறந்தேன். விளக்கு எரிந்தது. விசிறி சுழன்றது. தெர்மாமீட்டர் முப்பத்தேழரை காட்டியது. அவள் சுவரில் சாய்ந்திருந்தாள். கூப்பிட்டேன். தொட்டேன். என்ன பயன்?

நான்கு நாள் கழித்து முட்டைகளை உடைத்துப் பார்த்தேன். முழுக் குஞ்சுகள். இறகு உண்டு, அலகு உண்டு, நகம் உண்டு, உயிர் இல்லை. அவளும் குஞ்சுகளும் சூடு குறைந்தா செத்தார்கள் அந்த அறைக்குள்? இல்லை! குளிர் தாக்கியா செத்தார்கள்? இல்லை! காற்றில்லாமல் செத்தார்கள். மூடிய அறையில் கரித்தணல் நல்ல காற்றைத் தின்கிறது, நஞ்சைக் கக்குகிறது. அந்த நஞ்சுக்கு நிறமில்லை, நெடியில்லை. சட்டியோடு கொடுக்கும் துண்டறிக்கையில் 'புகையில்லாக் கணப்பு' என்று பெருமையாக அச்சடித்திருக்கிறீர்களே! புகை இருந்திருந்தால் அவள் இருமியிருப்பாள். இருமியிருந்தால் வெளியே வந்திருப்பாள்.

சங்கம் என்ன செய்தது? 'திடீர் உடல்நலக் குறைவால்' என்று இரங்கல் தீர்மானம் போட்டது. திருத்தச் சொல்லி ஒன்பது கடிதம் போட்டேன், நேரிலும் கேட்டேன். செயலாளர் என் தோளில் கை போட்டார். "பெரியவரே, உள்ளதைச் சொன்னா புதுசா யாரு இந்தத் தொழிலுக்கு வருவா? போனவங்க என்ன திரும்பியா வரப்போறாங்க?"

திரும்பி வர மாட்டாள், ஐயா. ஆனால் அவளுக்கு நான் இட்ட கட்டளை திரும்பி வந்திருக்கிறதே! உங்கள் துண்டறிக்கையில் ஐந்தாவது வரி: 'சூடு வெளியேறாதபடி அறையை நன்றாக மூடிக்கொள்ளவும்.' அன்று என் வாயால் ஒருத்திக்குச் சொன்னேன். இன்று நாற்பது வீட்டுக்கு அச்சடித்துக் கொடுக்கிறீர்கள்.

வேறு வழி என்ன என்கிறீர்களா, பின்வரிசை அண்ணே? நெருப்பு வெளியே இருக்கட்டும். முற்றத்தில் தண்ணீரைக் காய்ச்சுங்கள். மூடி போட்ட தகர டப்பாவில் ஊற்றி, சாக்கைச் சுற்றி, முட்டைத் தட்டுக்கு அடியில் வையுங்கள். ஆறினால் மாற்றுங்கள். காற்றுத் துளையை மட்டும் அடைக்காதீர்கள். நீங்கள் கேலி செய்யும் இந்த வெந்நீரைத்தான் இரண்டு ஆண்டாக வைக்கிறேன். நூற்றுக்கு எழுபது பொரிகிறது. எண்பது பொரியும் என்று பொய் சொல்ல மாட்டேன். தண்ணீர் சுமந்து கை கழன்றுபோகும். கழலட்டும்!

செயலாளர் மணி அடிக்கிறார். அடியுங்கள். 'ஆட்சேபம் இல்லை என்றால் சட்டி வழங்கும் தீர்மானம் நிறைவேறியது' என்று இங்கே சொல்லப் போகிறீர்கள். சத்தம் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள இனி நான் விட மாட்டேன். சட்டி வேண்டாம் என்பவர்கள் எழுந்து நில்லுங்கள். தலைவர் தலை எண்ணட்டும்.

யாருமில்லையா?

அதோ, மூன்றாம் வரிசையில் ஒரு அம்மா. என்னம்மா? உரக்கச் சொல்லுங்கள். "போன வாரம் எனக்கும் இப்படித்தான் தலை சுத்துச்சுங்க ஐயா. வெயிலுன்னு சொல்லிட்டாரு இவரு." கேட்டீர்களா? பக்கத்தில் இருப்பவரே, அவர் சேலையைப் பிடித்து இழுக்காதீர்கள்! நிற்கட்டும்.

தலைவர் அவர்களே, ஒன்று என்று எழுதுங்கள். நான் இறங்கப் போவதில்லை.

நின்றுகொண்டிருக்கும் அந்தத் தாய்க்கு என் நன்றி. உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு இப்போதைக்கு வணக்கம் மட்டும். எழுந்திருங்கள், நன்றி சொல்கிறேன்.