நான்காவது கட்டம்

இணையக் கடையில் ஒரு பொருளைத் திறந்தால், அடியில் 'இதோடு இதையும் பாருங்கள்' என்று நான்கு கட்டங்கள் வரும். அதை யாரும் நின்று ரசிப்பதில்லை. எங்கள் கடையில் அந்த நான்கு கட்டங்களைச் செய்தவன் நான்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. பக்கம் திறந்த பிறகுதான் ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல் ஓடிக் கட்டங்களை நிரப்பும். மனிதர்கள் அதற்குள் கண் சிமிட்டுவார்கள், அவ்வளவுதான். தேடுபொறி காத்திருக்காது; வெறும் இடத்தைப் படித்துவிட்டுப் போய்விடும். என் ஏழு மாத உழைப்பு அதற்கு இல்லவே இல்லை.

மேலாளர் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார். "உன் வேலை ஊமை கண்ட கனவுப்பா. உனக்கு மட்டும்தான் தெரியுது. அடுத்த மாசத்தோட மூடிடலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு கட்டங்களை முன்கூட்டியே நிரப்பி, பக்கத்தோடு எழுத்தாகவே உறைய வைத்தேன். பதினோராம் நாள் தேடுபொறி படித்தது. குழந்தை அறைக்கு என்ன வாங்கலாம் என்று யார் தேடினாலும் எங்கள் தொட்டில் பக்கம் முதலில் வந்தது. மேலாளர் என் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

உறைந்த பட்டியலுக்கு ஒரு குறை உண்டு. ஆபத்து என்று விற்பனையிலிருந்து திரும்பப் பெற்ற பொருளை எங்கள் கடையில் பட்டியலிலிருந்து அழிக்க மாட்டார்கள். ஒரு குறி மட்டும் போடுவார்கள். குறியைப் பார்த்து மறைக்கும் வேலை ஜாவாஸ்கிரிப்ட்டுடையது. உறைந்த பட்டியலுக்கு அந்தக் குறி தெரியாது. தொட்டில் பக்கத்தின் நான்காவது கட்டத்தில் ஒரு சின்ன ரூம் ஹீட்டர் இருந்தது. ஒயர் உருகுகிறது என்று அதற்குக் குறி போட்டிருந்தார்கள். கிடங்கில் மிச்சம் இருந்தது. தொட்டால் வாங்கலாம்.

பொருள் பாதுகாப்பைப் பார்க்கும் அக்கா என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, அந்த ஹீட்டர் இன்னும் தெரியுதே."

"எடுத்துடறேன்க்கா."

"போன வாரமும் இதைத்தான் சொன்னே. கல்லுல நார் உரிக்கவா சொல்றேன்? ஒரு கட்டத்தைத் தூக்கணும், அவ்வளவுதானே?"

தூக்கினேன். அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஹீட்டர் தேடி வருகிறவர்கள் குறைந்து, இரண்டே நாளில் பக்கம் ஒன்பதாம் இடத்துக்கு இறங்கியது. மேலாளர் மறுபடியும் என்னை 'ஏம்ப்பா' என்று கூப்பிடத் தொடங்கினார். ஹீட்டரைத் திரும்ப வைத்தேன். பக்கம் ஏறியது.

அக்கா சும்மா இருக்கிறவர் இல்லை. தினமும் காலையில் காப்பியோடு உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பார். ஆகவே நான்கு வரி நிரல் எழுதினேன். எங்கள் அலுவலக இணையத்திலிருந்து யார் திறந்தாலும் நான்காவது கட்டத்தில் ஒரு போர்வை வரும். மற்ற எல்லாருக்கும் ஹீட்டர்.

"இப்பதான் மனசு ஆறுச்சு தம்பி," என்றார்.

யாரோ அந்த ஹீட்டரால் திரைச்சீலை கருகிய படத்தை அனுப்பியிருந்தார்கள். புகார்ப் பெட்டியில் அதை முதலில் பார்த்தவன் நான்தான். பழைய சரக்கு என்று பதில் எழுதி மூடினேன். அதற்குப் பிறகு ஆறு ஹீட்டர்கள் விற்றன. ஆறாவது எந்த வீட்டுக்குப் போய்த் தீப்பிடித்தது என்று உங்களுக்கே தெரியும். அங்கே எரிந்த தொட்டிலும் எங்கள் கடையில் வாங்கியதுதான்.

விசாரணையில் அக்கா ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்: தினமும் பார்த்தேன், அங்கே அது இல்லை. நீங்கள் நம்பவில்லை. அவர் பொய் சொல்லத் தெரியாதவர். அவர் திரையில் அது இல்லைதான். அவருக்கு மறைத்ததும் மற்றவர்களுக்குக் காட்டியதும் நான்.

அவரிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். அந்த நான்கு வரியை அவர் நிம்மதிக்காகத்தான் எழுதினேன்.