மாப்பிள்ளை வீட்டுக் கடிதாசியில் சிவப்புக் கோடு

— இது பள்ளிக்கூடமா, போலீஸ் டேசனா, பிலோமினா டீச்சர்? மாப்பிள்ளை வீட்டுலருந்து வந்த கடிதாசி முழுக்க என் சின்ன மக புஷ்பவல்லி நீலத்துலயும் சிவப்புலயும் கோடு கிழிச்சு வச்சிருக்கா!

— மொதல்ல உக்காருங்க வேலாயுதண்ணே. கிள்ளான் டேசன்ல ரயிலையே கொடி காட்டி நிறுத்துறவரு இப்படி மூச்சு வாங்கலாமா?

— நீலம் எதுக்கு, சிவப்பு எதுக்கு? அதச் சொல்லுங்க.

— கேளுங்க. போய்ப் பாத்துச் சரியா தப்பான்னு சொல்லக்கூடிய சங்கதிக்கு நீலம். எழுதுனவரோட நெனப்புக்குச் சிவப்பு. ஆறாம் வகுப்புக்கு ஒரு மாசமா இதான் பாடம். தைல நோட்டீஸ், டிராமா நோட்டீஸ், தோட்டத்துக்கு ஆள் புடிக்கிற கங்காணி நோட்டீஸ், எல்லாத்துலயும் போட்டுப் பழகிட்டாங்க.

— தைலக்காரனும் என் சம்பந்தியும் ஒண்ணா?

— ‘இன்னும் மூன்று இடத்தில் கேட்கிறார்கள், உடனே முடிவு சொல்லவும்’னு உங்க சம்பந்தி எழுதியிருக்காரு. தைலக்காரன் ‘கடைசி ஆறு புட்டி’ங்கறான். ரெண்டும் நம்மள யோசிக்க விடாம வெரட்டுற வேலைதானே?

— ‘ஊரே போற்றும் குடும்பம்’ங்கறதுக்குப் பக்கத்துல ‘எந்த ஊர்?’னு கேட்டு எழுதியிருக்கா. வாயப் பாத்தீங்களா!

— நல்ல கேள்விதான்.

— ‘காப்பாரில் பத்து ஏக்கர் ரப்பர்த் தோட்டம்’. இதுக்கு நீலம் போட்டிருக்காளே, அப்ப உண்மைன்னுதானே அர்த்தம்?

— இல்லண்ணே. போய்ப் பாத்தா தெரிஞ்சிடும்னு அர்த்தம்.

— என்னத்தச் சொல்ல, போய்ப் பாத்துட்டான்லா! என் மச்சான் அய்யாவு சைக்கிள எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டான். பத்து ஏக்கர் இல்ல டீச்சரம்மா. பத்து மரம். அதுலயும் நாலு தென்னை.

— சேசுவே! அப்ப புள்ள உங்களக் காப்பாத்தியிருக்கா. அவ மேல ஏன் கோவப்படுறீங்க?

— மரத்த விடுங்கம்மா. மாப்பிள்ளை ராதாகிருஷ்ணன் தங்கமான பையன். என் பெரியவ தனலெட்சுமிக்கு இது மூணாவது வரன். ரெண்டு தட்டிப்போச்சு. இதுவும் போனா அவ மொகத்துல நான் எப்படி முழிப்பேன்? என் பொண்டாட்டி இந்தச் சம்பந்தமே வேணாம்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. ‘வகுப்புல சும்மா விளையாட்டு’ன்னு நீங்க வந்து அவகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க.

— விளையாட்டு இல்லியே. சரி, நீங்களும் அவங்களுக்கு ஒரு கடிதாசி எழுதினீங்கல்ல?

— எழுதினேன். சும்மா, ஒரு மரியாதைக்கு.

— மாப்பிள்ளையோட தங்கச்சி பவுனம்மாளும் இதே வகுப்புதான்.

— ஐயய்யோ.

— அவளும் கோடு போட்டுக் கொண்டாந்தா. ‘வயது பத்தொன்பது’க்கு நீலம். தனலெட்சுமி இங்க படிச்ச புள்ளதானே, பழைய ரெஜிஸ்டரப் பெரட்டிப் பாத்துட்டா.

— என்னத்தச் சொல்ல! அத ஏன்மா அவ கையில குடுத்தீங்க?

— ‘வீணை வாசிப்பாள்’க்கும் நீலம். வீட்டுல வீணை இருக்கான்னு புஷ்பவல்லியையே கேட்டா.

— அந்தக் கழுத என்ன சொன்னா?

— ‘இருக்கு, அப்பா அதுமேலதான் கோட்டு மாட்டுவாரு’ன்னா.

— போச்சு, மானம் போச்சு. இதெல்லாம் மாப்பிள்ளைக்குத் தெரியுமா?

— முந்தாநாள் இங்க வந்தாரு.

— சண்டைக்கா?

— உங்க கடிதாசியோட பின்பக்கத்துல நாலு வரி எழுதி, தனலெட்சுமிகிட்ட காட்டுங்கன்னு குடுத்துட்டுப் போனாரு. இந்தாங்க. ‘மரம் பத்துதான். வயது முப்பது. இடது காது கொஞ்சம் மந்தம். எல்லாவற்றுக்கும் நீலம் போடலாம்.’

— காது மந்தமா? இத ஒருத்தரும் சொல்லலியே!

— நேத்து தனலெட்சுமிய வரச்சொன்னேன்.

— நேத்தா? காய்கறி வாங்கப் பாசாருக்குப் போறேன்னுல்ல சொல்லிட்டுப் போனா!

— அதுக்குக் கீழயே அவளும் எழுதியிருக்கா. நீங்களே படிங்க.

— ‘வயது இருபத்து மூன்று. வீணை வாசிக்கத் தெரியாது. நான் வலது பக்கம் உட்கார்ந்துகொள்கிறேன். சம்மதம்.’