விழுந்தவள் தோற்றவளா?

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகிற பஸ்ஸில், என் முன்சீட்டில் மில் வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் கொதித்துக்கொண்டிருந்தாள்.

“கீழ விழுந்தவ தோத்தவளாம் மதினி! கராத்தே மாஸ்டர் சொல்லுதாரு. நின்னுக்கிட்டு, காலைத் தலை உசரத்துக்குத் தூக்கி உதைக்கணுமாம்.”

“சேலையோடயா?”

“அதத்தான் நானும் கேட்டேன். அன்னைக்குச் சங்கிலி அறுக்க வந்தவன் முதல்ல என்னையத் தள்ளித்தானே விட்டான்? ரோட்டுல கிடந்துக்கிட்டே அவன் காலைக் கட்டிப் பிடிச்சேன். ஆளுக வார வரைக்கும் விட்டேனா? இன்னொருத்தன் வந்தா என்ன செய்ய, கீழ கிடந்து போடுற சண்டையச் சொல்லித் தாங்கன்னா, அது சண்டையே இல்லங்காரு!”

“அப்ப இனி வகுப்புக்குப் போவ மாட்டியா?”

“போவாம? நாளைக்கே அவரைக் கீழ தள்ளி விட்டுட்டு, ‘தோத்துட்டீகளா சார்?’னு கேக்கேன்.”