கீழ்வட்டையின் உப்பை வரம்பில் நின்று சொன்னவருக்கு

1938 மாசி மாதம், கொக்கட்டிச்சோலைக்குத் தெற்கே வாவியோரத்து ஆலங்கண்டம் கீழ்வட்டை வயல்வெளியில் குழிகள் தோண்டப்பட்டன. மேல்மண் நன்றாயிருந்தது, முழங்கால் ஆழத்துக்குக் கீழே உப்பு இருந்தது.

அன்று அக்குழிகளில் இறங்கிய நிலப் பரிசோதகரே! புதிய வாய்க்கால்களின் நீரை எந்த வயல் ஏற்கும், எது ஏற்காது என்று இருபத்தாறு ஆண்டுகள் வட்டை வட்டையாக நடந்து கண்டறிந்து, இப்போது ஓய்வுபெற்றவரே! எங்கள் அன்புக்கும் மதிப்புக்கும் உரிய திரு. வினாயகமூர்த்தி அவர்களே!

மேசையிலிருந்தே முடிவெழுதலாம் என்று பிறர் சொன்னபோதெல்லாம், தோணியேறி வாவியைக் கடந்து பார்த்துவிட்டே எழுதினீர்கள். ஈரமண்ணை விரலிடையில் உருட்டிப் பார்க்கும் உங்கள் பழக்கத்தால் இவ்வலுவலக வாசற்படி என்றும் சேறாகவே கிடந்தது. அதுபற்றி நாங்கள் முறையிட்டதும் உண்டு.

எனினும், உங்களைச் சொல்லக் கீழ்வட்டை ஒன்றே போதும். அங்கே காத்தான்குடி நிலக்கிழார் அசனார் போடியாருக்கு வயல் இருந்தது. வாய்க்கால் நீர் கிடைத்தால் அவ்வயலைச் சீதனமாக ஏற்பதாக, அவர் மகள் கைறுன்னிஸாவைக் கேட்டுவந்த மாப்பிள்ளை வீட்டார் சொல்லியிருந்தார்கள். சூடடிப்பு நடந்துகொண்டிருந்த நெற்களமாகிய களவெட்டிக்குள் உங்களை அழைத்து நிறுத்தினார் போடியார். "இல்லை", "ஆகாது" என்ற சொற்கள் களவெட்டிக்குள் வரலாகாது என்பது இவ்வூர் வழக்கம்.

"இங்க நிண்டே சொல்லுங்க ஐயா, இந்த வயலுக்குத் தண்ணி வரும்தானே?" என்றார் அவர்.

"வரம்புக்கு வாங்க போடியார், அங்க சொல்றன்."

"போடியார்ர கால் களவெட்டியில ஒட்டிப் போச்சு ஐயா, இனி வராது!" என்று சூடடித்த நல்லரத்தினம் கத்த, எருமை சாய்த்தவர்களெல்லாம் சிரித்தார்கள். போடியாரும் சிரித்துக்கொண்டே வரம்புக்கு வந்தார்.

"உப்புத்தண்ணி வடிஞ்சு போக வடிச்சல் வெட்டாமத் தண்ணி குடுத்தா உப்பு மேல ஏறிரும். ஒண்டு ரெண்டு போகம் விளையும், பிறகு புல்லும் முளைக்காது. இப்ப குடுக்க ஏலா" என்றீர்கள்.

"என்ட புள்ளட கலியாணம் போச்சே ஐயா."

"தெரியும் போடியார். அதுக்காக மண்ண மாத்திச் சொல்ல ஏலா."

அந்தச் சம்பந்தம் குழம்பிற்று. போடியார் உங்களோடு பேசுவதை விட்டார். நீங்களோ ஆவணி வெயிலில், யாரும் அழைக்காமலே திரும்பிப் போய், அவர் கண்முன்னே மீண்டும் தோண்டினீர்கள். குழியில் ஊறிய நீரை அள்ளி வாயில் வைத்த போடியார் உடனே துப்பினார். பின்னர் வடிச்சல் கேட்டு எழுதிய மனுவில் முதற் கையொப்பம் அவருடையது.

கசப்பானதையும் கனிவோடு சொன்ன பெரியீர்! கள்ளமற்ற சொல்லையே கருவியாகக் கொண்டீர்! உடல்நலமும் மனநிறைவும் குன்றாமல், இல்லத்தாரோடு நெடுங்காலம் வாழ வாழ்த்துகிறோம்.

நீங்கள் கேட்டிருந்த செய்தியையும் இத்துடன் சேர்க்கிறோம். கீழ்வட்டை வடிச்சல் வேலை சென்ற மாதம் முடிந்தது. கைறுன்னிஸாவுக்கு வேறிடத்தில் கலியாணமாயிற்று. சீதனம் அதே வயல். வாய்க்கால் நீர் இன்னும் விடப்படவில்லை.

இங்ஙனம்,
நீர்ப்பாசன அலுவலக ஊழியர்கள்
மட்டக்களப்பு, 1941 பங்குனி