மூன்றாண்டு வேரின் தோல்

2024 மார்ச் 11, திங்கட்கிழமை, பெரம்பலூரில் உள்ள எங்கள் மூலிகை மருந்துக் கம்பெனியில் பன்னிரண்டு மூட்டை கொடிவேலி வேர் வந்து இறங்கியது.

மூட்டைகளை நான்தான் பிரித்தேன். தரம் பார்ப்பது என் வேலை. கொடிவேலியில் காரமான சத்து ஒன்று இருக்கிறது. அளவோடு சேர்ந்தால் மூட்டுவலிக்கு மருந்து. மீறினால் உள்ளுறுப்புகளைப் புண்ணாக்கும். செடிக்கு வயது ஏற ஏற அது கூடும். அதுவும் வேரின் நடு நரம்பில் அல்ல, தோலில். இளம் வேரையும் மூன்றாண்டு வேரையும் ஒன்றாகப் போட்டு அரைக்கக் கூடாது என்று நான்கு வருடத்தில் பதினான்கு அறிக்கை எழுதினேன். முதலாளி திருமுருகன் ஒன்றைக்கூடப் படிக்கவில்லை.

"வேருன்னா வேருதானே கலைமணி. அதுக்குப் போயி ஜாதகம் பாத்துக்கிட்டிருக்கீங்க," என்பார்.

அரைவை ஆட்கள் சிரிப்பார்கள். "சார், இந்த மூட்டைக்குக் காதுகுத்து எப்பங்க?" என்று ஒருவர் கேட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. ஆதாரம் போதவில்லை என்று மட்டும் புரிந்தது.

அந்த வாரம், பேக்கிங்கில் வேலை செய்யும் அனிதா தன் மாமியாருக்கு மூட்டுவலிச் சூரணம் கேட்டாள். மாமியார் பெயர் பச்சையம்மாள், செட்டிகுளம். அறுபத்தெட்டு வயது. வேறு நோய் ஏதும் உண்டா என்று விசாரித்தேன். இல்லை என்றாள். இருந்தால் முடிவு குழம்பிவிடும்.

முற்றிய வேராகப் பொறுக்கி, தோலை மட்டும் சீவி அரைத்து, ஒரு டப்பாவில் அடைத்துக் கொடுத்தேன்.

"கடையில வாங்கத்தான் பயம். இது நீங்க பாத்துக் குடுக்குறதாச்சே சார்," என்றாள்.

"தைரியமா குடும்மா."

தினமும் விசாரித்துக் குறித்துக்கொண்டேன். மூன்றாம் நாள் வாயும் தொண்டையும் எரிகிறது என்றாள். ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும் என்றேன். ஆறாம் நாள் சிறுநீரில் ரத்தம்.

"நிறுத்திடட்டுங்களா சார்? சோறே எறங்க மாட்டேங்குது அத்தைக்கு."

பாதியில் நிறுத்தினால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. டப்பா தீரட்டும் என்றேன்.

நான் இரக்கமில்லாதவன் அல்ல. திருமுருகன் போக்கில் விட்டிருந்தால் ஆயிரம் வீட்டுக்கு இது போயிருக்கும். நான் ஒரு வீட்டோடு முடித்துக்கொண்டேன்.

பச்சையம்மாள் மார்ச் 27 காலை இறந்தார். பதினைந்தாவது அறிக்கையை அன்று மதியமே திருமுருகனிடம் நேரில் கொடுத்தேன். முதல் பக்கத்தைப் படித்ததும் உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தார். நாள்வாரியாகக் குறித்த அட்டவணை இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. அதை இன்னும் யாரும் பார்க்கவில்லை.